வந்ததும் பாரம், போனதும் பாரம்

அத்தியாயம் 6

குழித் தணலில் புதைத்து வேகவைக்கும் பிப்பை ஒரே ஒரு முறைதான் திறக்கலாம். அதையும் புதைத்த கைதான் திறக்க வேண்டும். இந்த விதியை யாரோ மீறியிருக்கிறார்கள் என்று ஞாயிறு காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் விரல்களுக்குத் தெரிந்தது.

என் கொல்லையில், அடுப்புக் குழியை மூடிய மண்மேட்டின் மேல், இரண்டு குச்சிகளைக் குறுக்காக வைத்து நாரால் கட்டிய சிலுவையை நட்டிருந்தேன். எங்கள் வீட்டில் அந்த நாரை மூன்று சுற்றுச் சுற்றுவோம். என் அப்பா மூன்று சுற்று. அவருடைய அப்பாவும் மூன்று சுற்று. இப்போது என் விரலுக்கு அடியில் நான்கு சுற்று இருந்தது.

"லான்டி, இங்கே வா" என்றேன்.

லான்டி என் தம்பி மகன் வில்பெர்த்தின் மனைவி. நாற்பத்து நான்கு வயது. எங்கள் ஊர் ஹோல்காத்தூனுக்கும் நகரத்துக்கும் இடையே வேன் ஓட்டுகிறாள். பன்னிரண்டு வருடம் நான் இந்த ஊருக்குத் தலைவனாக இருந்தேன். பதவி போன பிறகும் காணாமல் போன மாடு, மூக்குத்தி, மாப்பிள்ளை எதுவானாலும் வழக்கு என்னிடம்தான் வருகிறது. வழக்குக்கு என்னை ஏற்றிப் போவது அவள் வேன். வேனைவிட அவள் வாய் அதிக தூரம் ஓடும்.

"என்ன மாமா, பன்னி உள்ள இருந்து குரல் குடுக்குதா?"

"யாரோ குழியைத் திறந்து மூடியிருக்கான்."

"காத்துல கழண்டிருக்கும்."

"காத்து முடிச்சை அவிழ்க்கலாம். திரும்பக் கட்டாது."

அவள் குனிந்து முடிச்சைப் பார்த்துத் தலையைச் சொறிந்தாள்.

அன்றைய தினம் என்ன தினம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி சூவெமியை மெரிதா நகரத்து பெனிச்சே குடும்பத்துப் பையன் ருஸெல் விரும்புகிறான். முறைப்படி பெண் கேட்டு வருவது அடுத்த மாதம். அதற்கு முன்னால் பையனின் அம்மா தோன்யா எல்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போக விரும்பினார். "ஒரு வீட்டை அதோட அடுப்புல பாத்துத் தெரிஞ்சுக்கலாம்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். காலையில் இடிபாட்டுக் கோயில்கள், நண்பகலில் செனோத்தே என்னும் குகைக் குளத்தில் குளியல், இரண்டு மணிக்கு என் கொல்லையில் பன்றி பிப். இதுதான் நான் வகுத்த திட்டம். சூவெமியின் அப்பாவும் அம்மாவும் கான்கூனில் வேலையில் மாட்டிக்கொண்டதால் எங்கள் உய்காப் குடும்பத்தின் மானம் முழுவதும் அந்த மண்மேட்டுக்குக் கீழே வெந்துகொண்டிருந்தது.

ஆறரை மணிக்குப் புதைத்தேன். வெந்நீரில் குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, ஏழரை மணிப் பூசைக்குப் பேத்தியோடு போனேன். எட்டே முக்காலுக்குத் திரும்பினேன். இடையில் யாரோ வந்திருக்கிறார்கள்.

"திறந்து பாத்துடலாமே மாமா?"

"திறந்தா சூடு போயிடும். பாதி வெந்த பன்னியைச் சம்பந்திக்குப் போடச் சொல்றியா?"

"சரி, திறக்கலைன்னா உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் கடவுள் எனக்கு மூளை குடுத்திருக்கார்."

"எனக்கு மட்டும் வேன் குடுத்துட்டாரு."

மண்ணில் கை வைத்தேன். நல்ல சூடு. ஆக, குழி காலியாக இல்லை. சனிக்கிழமை மாலை பெய்த மழையில் கொல்லை மண் இன்னும் இளகியிருந்தது. குனிந்து கைத்தடியின் நுனியால் தடவிப் பார்த்தேன். மூன்று சக்கர மிதிவண்டியின் தடம் வேலிப் படலில் நுழைந்து குழி வரை வந்திருந்தது. பிறகு கோழிக்கூட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போயிருந்தது. தடியின் நுனியை உள்ளே வந்த தடத்தில் வைத்தேன். ஒரு விரற்கடை ஆழம். வெளியே போன தடத்தில் வைத்தேன். அதுவும் ஒரு விரற்கடை.

"லான்டி, திருடன் எப்படி வருவான், எப்படிப் போவான்?"

"பயந்துக்கிட்டு வருவான், ஓடிப்போவான்."

"வெறும் வண்டியோட வருவான், பாரத்தோட போவான். இவன் பாரத்தோட வந்து பாரத்தோடவே போயிருக்கான். என் பன்னியை எடுத்துட்டு வேற எதையோ உள்ளே வச்சிருக்கான்."

லான்டியின் கண்கள் விரிந்தன. "மாமா, உங்களுக்கு வயசானாலும் இந்த விஷயத்துல மட்டும் ஒண்ணும் ஆகலை."

"இந்த விஷயத்துல மட்டும்னா என்ன அர்த்தம்?"

"வண்டி எடுக்கிறேன். அவங்க பிளாசா சதுக்கத்துல காத்துக்கிட்டிருப்பாங்க."

மணிக்கட்டு அரித்தது. சூவெமி சட்டைக் கைக்குக் கஞ்சியை அதிகம் போட்டுவிட்டாள். சொறிந்துகொண்டே வேனில் ஏறினேன். என் எதிரி யார் என்று யோசிக்கத் தேவையே இல்லை. இந்த ஊரில் எனக்கு எதிரி ஒரே ஒருவன். நசாரியோ கோவோ.

முப்பது வருடத்துக்கு முன் ஊர்த் திருவிழாவில், அலங்கரித்த பன்றித் தலையைத் தட்டில் வைத்துத் தலைமேல் சுமந்து ஆடும் நடனத்தில், எங்கள் வீட்டார் இரவு முழுக்க ரிப்பனும் ரொட்டியும் பழமும் கட்டி அலங்கரித்த தட்டை நசாரியோ தூக்கிக்கொண்டு ஆடினான். ஊரே கை தட்டியது. "உன் அலங்காரமா?" என்று பாதிரியார் அவனைக் கேட்டார். அவன் வாய் திறக்கவில்லை. மறுத்துப் பேசாதவன் ஒப்புக்கொண்டவன். அன்றிலிருந்து கோவோ வீட்டுச் சோறு என் உதட்டைத் தாண்டியதில்லை. அவன் கையை நான் தொட்டதில்லை. அவனும் பிப் வைப்பவன். ஞாயிறுதோறும் அவன் மனைவி பிளாசா மூலையில் கடை போட்டு விற்பாள்.

அந்த மூலையை வேன் கடந்தபோது கடை மூடியிருந்தது.

"ஏன் மூடியிருக்கு?"

"வித்துத் தீந்துடுச்சாம்" என்றாள் லான்டி, சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"ஒன்பது மணிக்கா? அந்தக் கடை பன்னிரண்டுக்கு முன்னால மூடி நான் பார்த்ததே இல்லை."

"நல்லா பாத்திருக்கீங்க. சாப்பிட மாட்டீங்க, ஆனா எப்ப மூடுறாங்கன்னு மட்டும் தெரியும்."

"எதிரியைக் கவனிக்காதவன் தோத்துடுவான்."

பெனிச்சே குடும்பம் மூன்று பேர். பையன் ருஸெல் உயரமானவன், பேசத் தயங்குகிறவன். அவனுடைய அப்பா தோன் ரோமுலோ மனைவி பேசி முடித்த பிறகு தலையாட்டுகிறவர். தோன்யா எல்டா காதில் தங்கச் சல்லடைக் கம்மல் அணிந்து, எதையும் விலை கேட்கப் போகிறவர் போலப் பார்த்தார். சூவெமி அவருக்குப் பக்கத்தில் கைகளைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு அந்தக் குழியில் செத்த நாய் இருந்தால்? கற்கள் இருந்தால்?

"உங்க பிப் பத்தி மெரிதாவுலயே பேச்சு இருக்கு, தோன் தெயோ" என்றார் எல்டா, என் பெயருக்கு முன்னால் மரியாதைச் சொல் சேர்த்து.

"இருக்கும்" என்றேன். உய்காப்கள் பணிவு காட்டி நேரத்தை வீணாக்குவதில்லை.

இடிபாட்டுக்குக் காவல்காரன் நசாரியோதான். இது எனக்குக் கிடைத்த வசதி. லான்டி விருந்தினர்களைப் பெரிய கோயிலின் படிகளுக்கு முன்னால் நிறுத்தி, "இங்க நின்னு கை தட்டுங்க, கல்லு குருவி மாதிரி பதில் சொல்லும்" என்றாள். எல்டா கை தட்டினார். கல் கீச்சென்றது. அவர் முதல் முறையாகச் சிரித்தார். நான் மெல்ல நழுவி வாசலுக்குப் போனேன்.

வாசலில் நசாரியோவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சாக்கா மரம் நிற்கிறது. சாக்காவின் செந்தோல் தானாகவே காகிதம் போல உரியும். ஆனால் இந்த மரத்தில் என் கை தானாக உரியாத ஒன்றைத் தொட்டது. அரிவாளால் நேர்க்கோடாக வெட்டி உள்பட்டையோடு எடுத்திருந்தார்கள். வெட்டு இன்னும் பிசுபிசுத்தது. அன்று காலை வேலை.

சாக்கா உள்பட்டையை இந்த நாட்டில் ஒரே ஒரு அவசரத்துக்குத்தான் இப்படி எடுப்பார்கள். செச்சேம் மரத்தின் கருஞ்சாறு பட்டுத் தோல் வெந்தவன், சாக்காவின் சாற்றைப் பூசுவான். என் கொல்லையில் செச்சேம் கிடையாது. ஆகவே திருடன் காட்டு வழியாக வந்து, இலைகளுக்குள் நுழைந்து, கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறான். கை காட்டிக்கொடுக்கும்.

"வாய்யா ஊர்த் தலைவரே" என்றான் நசாரியோ, எழுந்திருக்காமல்.

"முன்னாள்" என்றேன்.

"உங்கிட்ட அதை யாரும் சொல்லலைன்னு நெனச்சேன்."

"காலையில எங்கே இருந்தே?"

"எங்க இருப்பேன்? ஆயிரம் வருஷமா இடிஞ்சு கிடக்கிறதை எவனாவது திருடிட்டுப் போயிடுவான்னு ஆறு மணியிலேருந்து காவல் காக்கிறேன்."

"உன் கடை மூடியிருக்கு."

"வித்துத் தீந்துச்சு. சில பேர் சமைச்சா அப்படித்தான்."

"இந்த மரத்தை வெட்டினது யாரு?"

அவன் மரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு, ஏனோ, என் கையைப் பார்த்தான். "மரம் ஊருக்குப் பொது. யாருக்கு எரிச்சலோ அவங்க வெட்டிட்டுப் போறாங்க."

அப்போது நான் முப்பது வருடமாகச் செய்யாத காரியத்தைச் செய்தேன். கையை நீட்டினேன். அவன் அதிர்ந்துபோய் எழுந்தான். பழக்கதோஷத்தில் கையைக் கொடுத்தும்விட்டான். நான் குலுக்கியபடியே கட்டை விரலால் அவன் மணிக்கட்டு, முழங்கை வரை தடவினேன். கொப்புளம் இல்லை. சொரசொரப்பு இல்லை. எழுபது வயதுக்கு வெட்கக்கேடான வழவழப்பு.

"என்னய்யா இது?" என்றான் நசாரியோ. "சாகப்போறியா?"

"இன்னைக்கு இல்லை."

"போ, போ. விருந்தாளிங்களைக் கவனி. அப்புறம்..." ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான். "கண்ணு எப்படி இருக்கு உனக்கு?"

"உன்னைப் பார்க்கிறதுக்குத் தேவைக்கு அதிகமாவே இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வாசல் கல் இருந்த இடத்தில் இல்லாமல் கொஞ்சம் முன்னால் இருந்தது. தடுக்கியது. விழவில்லை.

வேனில் லான்டி என் காதருகே கேட்டாள். "என்ன மாமா, அவருக்கு முத்தம் குடுக்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?"

"அவன் கையில செச்சேம் இல்லை. அவன் ஆள் வச்சுச் செஞ்சிருக்கான். அந்த ஆளோட கை வெந்திருக்கும்."

"அப்ப ஊர்ல எல்லாரோட கையையும் பிடிச்சுப் பாக்கப்போறீங்களா? பொம்பளைங்க வரிசையை நான் பாத்துக்கிறேன். உங்க பேரு கெட்டுடும்."

"சிரிக்காதே. இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு."

"சிரிக்கலை மாமா" என்றாள். உண்மையிலேயே சிரிக்கவில்லை.

செனோத்தேவுக்குப் பாறைக்குள் நாற்பது படி இறங்க வேண்டும். மேலே கூரையில் ஒரு துளை. அதன் வழியே வேர்கள் தண்ணீர் வரை தொங்குகின்றன. வெயில் ஒரு தூணாக இறங்கி நீலத் தண்ணீரில் குத்தி நிற்கிறது. பறவைகள் வாலை ஆட்டியபடி துளை வழியே போய் வந்துகொண்டிருந்தன. மே மாத வெக்கையில் மேலிருந்து வருகிறவனுக்கு அந்தக் குளிர்ச்சி மூக்கில் அடிக்கும்.

ருஸெல் குதித்தான். சூவெமி குதித்தாள். தோன் ரோமுலோ மனைவி இறங்கும் வரை காத்திருந்து இறங்கினார். தோன்யா எல்டா கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தார்.

"நீங்க இறங்கலையா தோன் தெயோ?"

"விடியக்காலையிலேருந்து அடுப்புல நின்னவன். நெருப்புச் சூடு ஏறின உடம்பு குளிர்ந்த தண்ணியில இறங்கினா நரம்பு பிடிச்சு இழுத்துக்கும். நாளைக்குத்தான் குளிர்தண்ணி."

"எங்க அம்மாவும் அப்படித்தான். துணிக்கு இஸ்திரிப் பெட்டி போட்ட அன்னைக்குக் கையைக்கூடக் கழுவ மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஆமை போல நிதானமாக நீந்திப் போனார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதனால் பயம் இன்னும் கூடியது.

நான் பாறையில் உட்கார்ந்து கைகளைக் கவனித்தேன். தண்ணீருக்குள் எட்டுக் கைகள். ஒவ்வொரு கையும் சுத்தம். நகரத்து விருந்தாளிகளைச் சந்தேகிக்கக் காரணமில்லை. ஆனால் துப்பறிகிறவன் கண்ணில் பட்டதை எண்ணிவிட வேண்டும். எண்ணி முடித்தபோதுதான் ஒரு ஜோடி குறைந்தது தெரிந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் முதலில் கேட்பது 'தொப்' என்ற சத்தம்தான். லான்டி மேல்பாறையிலிருந்து துணியோடு குதிப்பாள். கரையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் நனைவார்கள். பாதிரியாரையே ஒரு முறை நனைத்திருக்கிறாள். இன்று அவள் எனக்கு நான்கு முழம் தள்ளி, செருப்பைக்கூடக் கழற்றாமல், கணவனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மே மாதத்தில் முழுக்கை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"குளிக்கலையா?"

"வண்டி ஓட்டினேன்ல. இன்ஜின் சூடு. சூட்டோட இறங்கினா இழுத்துக்கும்னு நீங்கதானே சொல்வீங்க."

"பதினெட்டு வருஷமா அதே வண்டி. அதே இன்ஜின். வண்டி நிக்கிறதுக்குள்ள குதிக்கிறவ நீ."

"வயசாகுதுல்ல மாமா."

"எனக்கு எழுபத்தொண்ணு. எங்கிட்ட வயசைப் பத்திப் பேசாதே. பூசைக்கும் நீ வரலை."

"டயர் பஞ்சர்னு சொன்னேனே."

"பஞ்சர் ஒட்டினவ கையில ரப்பர் நாத்தம் அடிக்கும். உங்கிட்ட விறகுப்புகை நாத்தம் அடிக்குது. இந்தக் குகையில தண்ணிக்குப் பயப்படுறவங்க இன்னைக்கு ரெண்டே பேர். அடுப்பைத் தொட்டவங்க ரெண்டு பேர். ஒருத்தன் நான். சட்டைக் கையை மடக்கு, லான்டி."

அவள் தண்ணீரில் இருந்தவர்களை ஒரு முறை பார்த்தாள். பிறகு மடக்கினாள். இரண்டு முன்கைகளிலும் சிவந்த கொப்புள வரிசை. மேலே சாக்காச் சாறு காய்ந்து பளபளத்தது.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்? வெளியாள் செய்தால் பகை. வீட்டாள் செய்தால் துரோகம்.

"நசாரியோ உனக்கு என்ன குடுத்தான்?" என்றேன். குரலை உயர்த்தவில்லை. தண்ணீரில் சம்பந்திகள் இருந்தார்கள். "என் அப்பன் பேரை மண்ணுல போட உனக்கு என்ன குடுத்தான்?"

"மாமா."

"பேசாதே."

"பேச மாட்டேன். நீங்க காலையிலேருந்து மணிக்கட்டைச் சொறியுறீங்க. அதை மட்டும் ஒரு தடவை மடக்கிப் பாருங்க."

"கஞ்சி அதிகம்."

"கஞ்சியா அது? வெயில்ல நீட்டிப் பாருங்க."

கூரைத் துளையிலிருந்து விழுந்த வெயிலில் கையை நீட்டினேன். சட்டைக் கையை மேலே தள்ளினேன். கண்ணுக்கு நெருக்கமாக, மிக நெருக்கமாகக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது. சிவந்த கொப்புள வரிசை. அவள் கையில் இருந்த அதே எழுத்து.

மேலே ஒரு பறவை கரகரத்த குரலில் என்னைக் கேலி செய்துவிட்டுப் போயிற்று.

"நேத்து சாயங்காலம் விறகு வெட்டப் போனீங்க" என்றாள் லான்டி மெதுவாக. "நான் வர்றேன்னு சொன்னேன். சூவெமி வர்றேன்னு சொன்னா. உய்காப் பிப்புக்கு உய்காப்தான் விறகு வெட்டணும்னு தனியாப் போனீங்க. மழை பெஞ்சு இருட்டின நேரம். காலையில ஏழரைக்கு ஐஸ் பெட்டி எடுக்க வந்தேன். மீதி விறகு குழிக்குப் பக்கத்துல கிடந்துச்சு. எல்லாத்துலயும் கறுப்புச் சாறு வடிஞ்சிருந்துச்சு. தூக்கிப் பாத்த உடனே கை எரிஞ்சுது. செச்சேம் மாமா. அந்தத் தணல்லதான் பன்னி வெந்துக்கிட்டிருந்துச்சு. அதைச் சாப்பிட்டா சம்பந்தி வாயெல்லாம் வெந்துபோகும்."

செச்சேமின் தண்டில் கறை வழியும். குழந்தைகூட ஒதுங்கிப் போகும். எனக்கு எல்லா மரமும் சில மாதங்களாக ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. முடிச்சை விரலால் எண்ணினேன். தடத்தைத் தடியால் அளந்தேன். மரத்தைக் கையால் படித்தேன். அதையெல்லாம் என் திறமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்புறம்?"

"வேனை எடுத்துக்கிட்டு நசாரியோகிட்ட ஓடினேன். வேற யாரு ஞாயித்துக்கிழமை காலையில வெந்த பன்னி வச்சிருப்பாங்க? விஷயத்தைச் சொன்னேன். என் கையைப் பாத்துட்டு முதல்ல அரிவாளை எடுத்துப் பட்டை வெட்டிக் குடுத்தாரு. அப்புறம், 'வீட்டுக்குப் போ, கடைக்குப் பன்னி வேக வச்சிருக்கிற தகரத்தைத் தூக்கிக்க'ன்னாரு. அவர் பொண்டாட்டியும் நானும் அதையும் அவங்க அடுப்புக் கல்லையும் மூணு சக்கர வண்டியில ஏத்திக்கிட்டு வந்து உங்க கல்லு, தணல், பன்னி எல்லாத்தையும் அள்ளி மாத்தி, பழசைக் காட்டுல புதைச்சோம். வந்ததும் பாரம், போனதும் பாரம். சரியாத்தான் சொன்னீங்க. முடிச்சு மட்டும் அவசரத்துல ஒண்ணு கூடிடுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா கோவோ வீட்டுச் சோறு வாசப்படி ஏறக்கூடாதுன்னு விருந்தையே நிறுத்தியிருப்பீங்க. சூவெமி முகத்தை யாரு பாக்கிறது?"

நிறுத்தியிருப்பேன். அதில் சந்தேகமில்லை.

"அவன் என்ன கேட்டான்?"

"ரெண்டு கேட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாது. அப்புறம் மூணு மணிக்குள்ள தகரத்தைக் கழுவித் திருப்பிக் குடுக்கணும்."

இரண்டு மணிக்கு என் கொல்லையில் சப்போட்டா மரத்தடியில் மேசை போட்டிருந்தது. சூவெமி சூட்டோடு சூடாக மக்காச்சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நாரத்தைச் சாற்றில் ஊறிய சிவப்பு வெங்காயம், அரைத்த பூசணி விதைத் துவையல், பச்சை மிளகாய் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் மண்வெட்டியால் மேட்டைத் தள்ளினேன். சாக்கை விலக்கினேன். பனையோலையை விலக்கினேன். தகரத்தின் மூடியைத் திறந்து வாழையிலையைப் பிரித்தபோது எழுந்த மணத்தில் தோன் ரோமுலோ மனைவியைக் கேட்காமலேயே நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்.

தோன்யா எல்டா ஒரு ரொட்டியில் இறைச்சியை வைத்து, வெங்காயம் போட்டு, சுருட்டிக் கடித்தார். கண்ணை மூடினார். மென்று முடித்த பிறகுதான் திறந்தார்.

"என் வயசுக்கு இப்படிச் சாப்பிட்டதில்லை" என்றார். "உய்காப் வீட்டு அடுப்புன்னு ஊரெல்லாம் சொல்றது சும்மா இல்லை. இது உங்க கைதானே, தோன் தெயோ?"

மேசைக்கு அடியில் லான்டி என் காலை அழுத்தி மிதித்தாள். சூவெமி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தலையைக்கூட ஆட்டத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

முப்பது வருடத்துக்கு முன் ஒருவன் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

எழுந்து நின்றேன். சட்டையை இழுத்து நேராக்கினேன்.

"இது என் கை இல்லை. இது நசாரியோ கோவோவோட கை. இந்த ஊர்ல எனக்கு இருக்கிற ஒரே எதிரி. நான் வச்ச பிப் காட்டுல புதைஞ்சு கிடக்கு. செச்சேம் விறகுல வச்சிட்டேன். எனக்குச் சரியாக் கண்ணு தெரியலை. அதை நான் யார்கிட்டயும் சொல்லலை. உங்க வாய் வெந்துபோகாம காப்பாத்தினது இவ, லான்டி. அப்புறம் அவன்."

ரொட்டிக் கல்லில் ஒரு ரொட்டி கருகியது. யாரும் அதைத் திருப்பவில்லை. ருஸெல் அம்மாவைப் பார்த்தான். தோன் ரோமுலோ கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வேலிப் படலுக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது. காவல்காரச் சீருடையோடு நசாரியோ நின்றான். உள்ளே ஒரு கால்கூட வைக்கவில்லை. முப்பது வருடமாக வைத்ததில்லை.

"தகரத்தை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான், மரத்தைப் பார்த்து.

நான் படலைத் திறந்தேன். "தகரம் இன்னும் காலியாகலை. உள்ள வா."

"நின்னுக்கிட்டே இருக்கேன்."

"சமைச்சவன் வாசல்ல நின்னா சாப்பிடுறவங்களுக்கு எப்படி இறங்கும்? வாய்யா."

அவன் வந்தான். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரே காலி நாற்காலியில் உட்கார்ந்தான். நான் ஒரு ரொட்டியில் அவன் சமைத்ததைச் சுருட்டி வாயில் போட்டேன். கோவோ வீட்டுச் சோறு என் உதட்டைத் தாண்டியது. நன்றாக இருந்தது. இதைவிடக் கடினமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

"உப்பு எப்படி?" என்றான் நசாரியோ.

"கொஞ்சம் கம்மி."

"உன் நாக்கும் போயிடுச்சா?"

தோன்யா எல்டா கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். நான் திருப்பிக் கொடுத்திருந்த கம்மலைக் காதில் மாட்டினார்.

"தோன் தெயோ, அடுத்த மாசம் இருபதாம் தேதி முறைப்படி பொண்ணு கேட்டு வர்றோம்" என்றார். "அன்னைக்கும் பிப்தான் வேணும். நீங்க ரெண்டு பேரும் சேந்து வைங்க. விறகு மட்டும் நீங்க வெட்டாதீங்க."

சூவெமி கருகிய ரொட்டியைத் திருப்பினாள். தோன் ரோமுலோ தலையாட்டிவிட்டுத் தட்டில் வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வெயில் சாய்ந்த பிறகு லான்டி சாக்காப் பட்டையை நசுக்கிக்கொண்டு வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துச் சாற்றைப் பூசினாள். எரிந்தது. பிறகு குளிர்ந்தது.

"கேஸ் முடிஞ்சுது மாமா. குற்றவாளியை என்ன பண்ணலாம்?"

"கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"நாளைக்கு எட்டு மணிக்கு. டயர் பஞ்சர் ஆகாது."